குழந்தை பிறந்த திருநாளில், குழந்தையை இழந்தவள் எதை நம்புவது?

காத்திருப்பவள் (டிசம்பர் 9, இரவு 11.40)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாட்களாகத் தயங்கிவிட்டு எழுதுகிறேன். தவறாக ஏதும் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முறை கரு கலைந்தது. இந்த ஆண்டு மூன்றாம் முறை கருவுற்றபோது ஐந்தாம் மாதம் வரை எல்லாம் நன்றாகவே இருந்ததால், இந்த முறை கர்த்தர் கைவிடமாட்டார் என்று பிறரிடமும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தோம். மருத்துவர் குறித்துக்கொடுத்த பிரசவ நாள் டிசம்பர் 23. ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பிள்ளையையும் இழந்தோம்.

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நடிக்கும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தை ஆறு ஆண்டுகளாக நான்தான் பழக்குகிறேன். இந்த முறை விலகிக்கொள்ள நினைத்தேன்; விலகினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காகவே ஒப்புக்கொண்டேன். சென்ற வார ஒத்திகையில், மரியாளாக நடிக்கும் சிறுமி பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து, துணி அவிழ்ந்துவிட்டது, சுற்றிக் கொடுங்கள் என்றாள். படுக்கவைத்தால் தானாகக் கண்மூடும் பழைய பொம்மை அது. ஓர் இமை மட்டும் சிக்கிக்கொண்டு பாதி திறந்தே நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் அந்த இமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி மூடிவிட்டுத்தான் துணியைச் சுற்றுவேன். இந்த முறை விரல் இமையைத் தொட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கேள்வி இதுதான். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும், வேதத்தில் நெடுநாள் காத்திருந்து பிள்ளை பெற்ற சாராளையும் அன்னாளையும் எலிசபெத்தையும் நினைவூட்டுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் கிடைத்தது. கிடைக்காதவர்களின் கதையை யாரும் சொல்லுவதில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை என்பது அடுத்த கிறிஸ்துமஸுக்குள் மடியில் பிள்ளை இருக்கும் என்று நம்புவதானால், அதை நான் மூன்று முறை நம்பிப் பார்த்துவிட்டேன். இல்லை, எல்லாம் பரலோகத்தில் சரியாகும் என்பதுதான் என்றால், இந்த டிசம்பர் மாதத்தை நான் எப்படிக் கடப்பது? இப்படிக் கேட்பதே அவிசுவாசமா?

நூறாம் சங்கீதம் (டிசம்பர் 10, காலை 6.15)

கர்த்தருக்குள் அன்பான சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் சத்துரு நம் சந்தோஷத்தைத் திருட இடங்கொடுக்கக்கூடாது. தேவதூதன் அறிவித்தது "எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி" அல்லவா? சோர்வைப் பேசப் பேச அது வளரும், துதியைப் பேசுங்கள். மலடியாயிருந்த எலிசபெத்தை நினைத்தருளினவர் உங்களையும் நினைத்தருளுவார். அடுத்த ஆண்டு இதே நாளில் சாட்சியோடு வந்து எழுதுவீர்கள் என்று விசுவாசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற போதகர் (டிசம்பர் 10, பிற்பகல் 3.05)

சகோதரி, உங்களுக்குப் பதில் சொல்லுமுன் மேலே எழுதிய சகோதரருக்கு ஒரு வார்த்தை. தம்பி, உங்கள் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நீதிமொழிகள் 25:20-ஐ எடுத்துப் பாருங்கள். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போலிருக்கிறான் என்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரசங்கம் செய்தவன் நான். அந்தக் குளிரைப் பலருக்குக் கொடுத்தவனும் நானே. ஊழியத்தின் தொடக்க காலத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தேவன் இன்னொரு பிள்ளையைத் தருவார் என்று சொன்னேன். அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்களுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் நான் அன்று சொன்னது சரியாகிவிடவில்லை.

சகோதரி, கிடைக்காதவர்களின் கதையை யாரும் சொல்லுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையில் சொல்லுவதில்லை என்பது உண்மை. வேதம் சொல்லுகிறது, அதுவும் பெத்லகேமை வைத்தே சொல்லுகிறது.

அந்த ஊர் வேதத்தில் முதன்முதலாக வருவது ஒரு பிரசவச் சாவில். ஆதியாகமம் 35-ல், பெத்லகேமுக்குப் போகும் வழியில் யாக்கோபின் மனைவி ராகேல் பிள்ளை பெறும்போதே இறக்கிறாள். உயிர் பிரியும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு பெனோனி, அதாவது என் துக்கத்தின் மகன், என்று பெயரிடுகிறாள். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருள். ரூத்தின் புத்தகமோ அந்த அப்பத்தின் வீட்டில் உண்டான பஞ்சத்தோடு தொடங்குகிறது. பஞ்சத்துக்குத் தப்பிப் போன நகோமி, கணவனையும் இரண்டு மகன்களையும் அந்நிய மண்ணில் புதைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஊர்ப் பெண்களிடம், என்னை நகோமி என்று அழைக்காதீர்கள், மாராள், அதாவது கசப்பானவள், என்று அழையுங்கள். நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பப்பண்ணினார் என்கிறாள். கர்த்தர்மேலேயே குற்றம் சாட்டுகிற பேச்சு அது. வேதம் அதை வெட்டாமல் வைத்திருக்கிறது. கடைசி அதிகாரத்தில் அவளுடைய மருமகள் ரூத்தின் பிள்ளை ஓபேத் அவள் மடியில் இருக்கிறான், அவன் வழியாகத்தான் தாவீதும் வருகிறான். ஆனால் அவளுடைய மகன்கள் இருவரும் திரும்பி வரவில்லை. ஓபேத் அவர்களுக்கு ஈடு என்று புத்தகம் எங்கும் சொல்லவில்லை.

இனி மத்தேயு 2-ஆம் அதிகாரம். நாம் நாடகத்தை, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளின் காணிக்கையோடு நிறுத்திவிடுகிறோம், மத்தேயு நிறுத்தவில்லை. ஏரோது பெத்லகேமின் ஆண்பிள்ளைகளைக் கொன்றபோது, எரேமியா 31-லிருந்து ராகேலின் அழுகையை எடுத்து அங்கே வைக்கிறார்: தன் பிள்ளைகள் இல்லாதபடியால் அவள் "ஆறுதலடையாதிருக்கிறாள்". இந்த ஒரு சொல்லில்தான் நான் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். மத்தேயு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மேசியாதான் பிறந்துவிட்டாரே, ஏன் அழுகிறாய் என்றும் கேட்கவில்லை. கிறிஸ்து பிறப்பின் கதைக்குள்ளேயே, ஆறுதலடையாத ஒரு தாய்க்கு இடம் விட்டுவிட்டுப் போகிறார். மூல அதிகாரத்தைத் திறந்தால் அடுத்த இரண்டு வசனங்களுக்குள், "உன் முடிவைப்பற்றி உனக்கு நம்பிக்கையுண்டு" என்று கர்த்தர் அவளோடுதான் பேசுகிறார். அழுது முடித்த பிறகு வா என்று சொல்லவில்லை, அழுதுகொண்டிருக்கிறவளிடம் சொல்லுகிறார்.

அவிசுவாசமா என்று கேட்டீர்கள். ரோமர் 8-ஐ வாசியுங்கள். சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்று சொன்ன பவுல், ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் நமக்குள்ளே தவிக்கிறோம் என்கிறார். ஆவியைப் பெறாதவர்கள் மட்டும் தவிக்கிறார்கள் என்று அவர் எழுதவில்லை. காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல என்ற வசனமும் அந்தத் தவிப்புக்கு நடுவிலேயே வருகிறது.

பரலோகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிள்ளை இறந்தபின் தாவீது, நான் அதனிடத்துக்குப் போவேனேயன்றி, அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறதில்லை என்றான். அந்த வாக்கியத்தில் நம்பிக்கையும் இழப்பும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் இருக்கின்றன. அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நூறாம் சங்கீதம் (டிசம்பர் 10, மாலை 5.30)

ஐயா, உங்கள் கண்டிப்பை ஏற்றுக்கொள்ளுகிறேன். இருந்தாலும் ஒரு கேள்வி: அப்படியானால் தேவதூதன் சொன்ன சந்தோஷம் எங்கே போகிறது? துக்கத்துக்கு இடங்கொடுத்துக்கொண்டே போனால் கிறிஸ்துமஸே துக்கநாளாகிவிடாதா?

ஊதா மெழுகுவர்த்தி (டிசம்பர் 10, இரவு 9.20)

நான் கத்தோலிக்கன், உங்கள் வழக்கத்திலுள்ள சில சொற்கள் எனக்குப் பழக்கமில்லை என்பதால் பொறுத்துக்கொள்ளவும். அந்தச் சொல் வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று வாசிக்கிற இடத்தை எங்கள் திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று வாசிக்கிறோம். நீங்கள் நம்பிக்கை என்பதைத்தான் நாங்கள் எதிர்நோக்கு என்கிறோம். அந்தச் சொல் முதலில் எனக்குச் செயற்கையாகவே பட்டது. இப்போது அதை விட மனமில்லை. ஏனென்றால் அதன் பக்கத்திலேயே எதிர்பார்ப்பு என்ற இன்னொரு சொல் நிற்கிறது. எதிர்பார்ப்புக்கு உருவமும் தேதியும் உண்டு: இன்னது, இந்த நாளுக்குள். அந்த நாள் கடந்தால் அது ஏமாற்றமாகிவிடுகிறது. எதிர்நோக்கு என்பது, என்ன வரும் என்று தெரியாவிட்டாலும் யார் வருகிறார் என்று தெரிந்து, அந்தத் திசையில் முகத்தை வைத்திருப்பது. சகோதரி, உங்கள் எதிர்பார்ப்பு மூன்று முறை உடைந்திருக்கிறது. அதை உடையவில்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நள்ளிரவுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, கடவுளைப் பற்றி இவ்வளவு நேர்மையாக ஒரு கேள்வியை எழுதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டவராக எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் துக்கநாளாகிவிடாதா என்று கேட்ட சகோதரருக்கு: திருச்சபையின் நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். அதன் நிறம் ஊதா. அந்த ஞாயிறுகளில் மகிழ்ச்சிப் பாடலான வானவர் கீதத்தைக்கூட நாங்கள் பாடுவதில்லை. பெருவிழாவுக்கு மறுநாள், டிசம்பர் 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். டிசம்பர் 28, போதகர் ஐயா குறிப்பிட்ட அதே பெத்லகேம் குழந்தைகளின் நாள். மகிழ்ச்சி கெட்டுவிடும் என்று முன்னோர்கள் அஞ்சியிருந்தால், இவற்றை இவ்வளவு பக்கத்தில் வைத்திருப்பார்களா? வானதூதர் அறிவித்த மகிழ்ச்சி இரவுக் காவலில் இருந்த இடையர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் திரும்பிப் போனதும் அதே மந்தைக்கும் அதே இரவுக்கும்தான்.

சகோதரி, நீங்கள் சொன்ன தேதியைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. டிசம்பர் 17 முதல் 23 வரை, எங்கள் மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் ஏழு பழைய முன்மொழிகள் (பாடலோடு சேர்த்துச் சொல்லும் சிறு செபவரிகள்), நாளுக்கு ஒன்றாக, சொல்லப்படுகின்றன. ஞானமே, ஈசாயின் வேரே, விடியலே என்று ஒவ்வொன்றும் மெசியாவை ஒரு பெயரால் அழைத்து, வாரும் என்று கேட்கிறது. கடைசியாக, 23-ஆம் தேதிக்கு உரிய பெயர் இம்மானுவேல், கடவுள் நம்மோடு. அன்று மாலையில்கூட அது வந்துவிட்டீர் என்று சொல்லுவதில்லை. வாரும் என்றே கேட்கிறது. அன்று உங்களால் வேறு எந்தச் செபமும் சொல்ல முடியாமல் போனால், அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். அதே நேரத்தில் பலர் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர், 1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினின் தேகல் சிறையில் இருந்தபோது, அந்த ஆண்டு நவம்பரில் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறையறையைத் திருவருகைக் காலத்துக்கு உவமையாகச் சொன்னார்: காத்திருக்கிறோம், ஏதேதோ செய்கிறோம், கதவோ வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும். அவர் எதிர்பார்த்த விதத்தில் அது திறக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். முடிவு தெரிந்தும் அந்தக் கடிதத்தைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பக்கவாசல் (டிசம்பர் 11, காலை 10.50)

தங்கச்சி, எனக்கு 61 வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆகையால் இதைத் தைரியமாக வாசிக்கலாம்.

என் பெயருக்குக் காரணம் உண்டு. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும், முன்வாசலில் கைகுலுக்க நிற்கும் கூட்டத்தைத் தவிர்க்கப் பக்கவாசல் வழியாகவே வெளியேறினேன். அங்கே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே பாடும் கடைசிப் பாட்டு கேட்கும். அதையும் ஆராதனை என்றே இப்போது கணக்கு வைத்திருக்கிறேன்.

நீங்கள் அன்னாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் வேதத்தில் அந்தப் பெயருக்கு இரண்டு பேர் உண்டு. ஒருத்தி சாமுவேலைப் பெற்றாள். எல்லாரும் சொல்லுவது அவளைத்தான். இன்னொருத்தி லூக்கா 2-ல் வருகிறாள். ஏழு வருஷம் கணவனோடு வாழ்ந்தாள், பிறகு விதவை. ஏறக்குறைய எண்பத்துநாலு வயது. பிள்ளை இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அந்த முதல் அன்னாளின் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாளோ என்று நான் நினைப்பதுண்டு. அவள் கண்டது வேறொரு பெண்ணின் பிள்ளையை. அதைப் பார்த்துக் கர்த்தரைப் புகழ்ந்தாள் என்று எழுதியிருக்கிறது. அது எனக்கு உடனே கைவந்ததில்லை. நாற்பதுகளில் அந்த வசனத்தைத் தாண்டித்தான் போவேன். உங்களையும் இப்போதே அங்கே வந்து நிற்கச் சொல்லமாட்டேன். அவள் அங்கே இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நடைமுறைக்கு இரண்டு காரியம். நாடகத்தை விட வேண்டாம் என்று தோன்றினால் விடாதீர்கள். பொம்மையை மட்டும் வேறொரு ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு வரி போதும்: இந்த ஆண்டு என்னால் இதைத் தொட முடியவில்லை. கேட்கிறவர் புரிந்துகொள்ளுவார், புரியாவிட்டாலும் பொம்மையை வாங்கிக்கொள்ளுவார். இரண்டாவது, தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் ஜெபத்தோடு சேர்த்து மருத்துவரிடமும் சொல்லுங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு எழுதிய நீங்கள் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே?

நூறாம் சங்கீதம் (டிசம்பர் 11, பிற்பகல் 1.10)

சகோதரி, அடுத்த ஆண்டு சாட்சியோடு வருவீர்கள் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுகிறேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சந்தோஷத்தைப் பற்றி நான் நினைப்பது இன்னும் மாறவில்லை. ஆனால் 23-ஆம் தேதி மாலை நானும் அந்த ஒரு சொல்லைச் சொல்லுவேன்.

காத்திருப்பவள் (டிசம்பர் 15, இரவு 10.25)

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முயன்று முடியாமல் போனது.

அக்கா, உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். என் கணவரைப் பற்றி நான் எழுதவில்லை, ஏனென்றால் அவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. கடந்துவிட்டார் என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் வைத்திருந்தேன். உங்கள் பதிலைப் படித்த அன்றிரவு அவரிடமே கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் கைபேசியைத் திறந்து காட்டினார். டிசம்பர் 23-க்கு ஏப்ரல் மாதத்திலோ மே மாதத்திலோ வைத்த நினைவூட்டல் அப்படியே இருந்தது. அழிக்க மனம் வரவில்லை என்றார். போதகர் ஐயா எழுதியதை இருவரும் சேர்ந்து வாசித்தோம். "ஆறுதலடையாதிருக்கிறாள்" என்ற இடத்தில் அவர்தான் முதலில் அழுதார். நினைவூட்டலை நாங்கள் அழிக்கவில்லை. அன்று மாலை அது ஒலிக்கும்போது, ஊதா மெழுகுவர்த்தி சகோதரர் எழுதிக்கொடுத்த சொல்லைச் சொல்லலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

பொம்மையை இன்னொரு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இமையை அழுத்தி மூடும் விதத்தை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன்.

நாடகத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். சாஸ்திரிகளுக்குப் பிறகு திரை விழாமல், தேவாலயத்தில் காத்திருந்த முதியவர்கள் இருவரையும் கொண்டுவருகிறேன். நடந்த வரிசை அப்படியல்ல என்று போதகர் ஐயா சொல்லலாம், பொறுத்துக்கொள்ளட்டும். சிமியோனுக்குப் பேச வேதத்திலேயே அழகான வசனங்கள் இருக்கின்றன. அன்னாளுக்கு, காத்திருந்த யாவருக்கும் பிள்ளையைக் குறித்துப் பேசினாள் என்று மட்டும் இருக்கிறதே தவிர, என்ன பேசினாள் என்று லூக்கா எழுதவில்லை. இதுவரை வேடம் எதுவும் கிடைக்காமல் திரை இழுத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கு அந்தப் பாகத்தைக் கொடுத்தேன். நேற்று ஒத்திகையில் அவள் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு வந்து நின்று, எனக்கு என்ன வசனம் என்று கேட்டாள். நாளைக்குள் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தாளில் இதுவரை அவள் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.